கைவிடப்பட்ட ரயில் நிலையத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி: தனுஷ்கோடியை முன்வைத்து

தனுஷ்கோடி ரயில் நிலையத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை புயல் தாக்கிய 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவில் தொடங்கி, மறுநாள் விடிவதற்குள் முடிந்துவிடுகின்றன. அந்த நிலையம் 1914 முதல் ஐம்பது ஆண்டுகள் இயங்கியது என்பதும், அங்கே டிக்கெட் கிழித்தவர்களும் மூட்டை தூக்கியவர்களும் கப்பலுக்குக் காத்துக் கிடந்தவர்களும் இருந்தார்கள் என்பதும் அந்த ஓர் இரவுக்குள் மூழ்கிவிடுகின்றன. உங்கள் ஊரில் செடி மண்டிக் கிடக்கும் நிலையத்தின் வரலாற்றை எழுத நினைத்தால், முதலில் தவிர்க்க வேண்டிய பிழை இதுதான். கடைசி வண்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, முதல் வண்டி எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். தேடும் முறையைத் தனுஷ்கோடியைக் கொண்டே விளக்குகிறேன். தேவையான இடங்களில் தஞ்சைப் பகுதியின் கிளைப் பாதைகளையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன்.

எதற்காகக் கட்டினார்கள்

ஒரு நிலையம் எந்த ஊரில் இருக்கிறது என்பதைவிட, அது எதையும் எதையும் இணைத்தது என்ற கேள்விதான் ஆய்வாளருக்கு அதிகம் உதவும். 1914க்கு முன்பு சென்னையிலிருந்து இலங்கைக்குச் செல்பவர் தூத்துக்குடி வரை ரயிலில் சென்று, அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் ஏற வேண்டியிருந்தது. நீண்ட அந்தக் கடற்பயணத்தைச் சுருக்குவதற்காகவே பாம்பன் கடற்காலின் மீது 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளத்தில், தூண்களுக்கு இடையே 145 கண்களும் கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் ஒரு தூக்குப் பகுதியும் கொண்ட பாலத்தைக் கட்டினார்கள். 1914 பிப்ரவரியில் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. இடையில் இருந்த கடல் ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான். எழும்பூரில் போட் மெயில் என்ற ரயிலில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு சேர்ந்தார்.

இந்தப் பின்னணி தெரிந்ததும் ஒரு செய்தி புலப்படும். அக்காலத்தில் பாம்பனிலிருந்து கிழக்கே செல்லும் முதன்மைப் பாதை தனுஷ்கோடிக்குத்தான் போனது. ராமேஸ்வரத்துக்குப் போனது கிளைப் பாதை. இன்று ராமேஸ்வரத்தைப் பேரூராகவும் தனுஷ்கோடியை அதன் வால்முனையாகவும் பார்த்துப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் ரயில் கம்பெனியின் கணக்கில் கோயிலைவிடக் கப்பல்துறைதான் முக்கியம். உங்கள் நிலையத்துக்கும் இப்படி ஒரு தலைகீழ் இருக்கக்கூடும். இன்று மூன்று கடைகளும் ஒரு பேருந்து நிறுத்தமுமாக நிற்கும் இடம், பாதை போட்ட நாளில் உப்புக்கோ நெல்லுக்கோ நிலக்கடலைக்கோ ஏற்றுமிடமாக இருந்திருக்கலாம். நிலையத்தின் பயணிகள் மேடை சிறியதாகவும் சரக்குக் கொட்டகை பெரியதாகவும் இருந்தால், விடை கண்ணெதிரிலேயே இருக்கிறது.

பாதையின் அகலத்தையும் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பாம்பன் வழியாகச் சென்றது 1000 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட மீட்டர் கேஜ் பாதை. கடலுக்கு அப்பால் இலங்கையில் இருந்தது 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை. இலங்கை வரை கடலின் மீது பாலம் கட்டி முடித்திருந்தாலும் ஒரே பெட்டி இரு கரையிலும் ஓடியிருக்க முடியாது. தமிழ்நாட்டில் கைவிடப்பட்ட கிளைப் பாதைகள் பலவற்றின் கதையும் இந்த அகலத்தில்தான் அடங்கியிருக்கிறது. சுற்றியிருந்த பாதைகள் அகலமாக்கப்பட்டபோது வருமானம் குறைந்த கிளைகளுக்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. அவை தனித்து நின்று நின்று மறைந்தன.

யாருடைய நிலையம் என்று கேளுங்கள்

ஆவணங்கள் உரிமையாளரின் பின்னால் போகும். ஆகையால், எங்கே தேடுவது என்று திகைப்பதற்கு முன், உங்கள் பாதை எந்தெந்தக் காலத்தில் யாருடைய கையில் இருந்தது என்று ஒரு வரிசை எழுதிக்கொள்ள வேண்டும். தனுஷ்கோடியைப் பொறுத்தவரை அந்த வரிசை எளிது: திருச்சிராப்பள்ளியைத் தலைமையகமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வே கம்பெனி, 1944இல் அரசு அந்தக் கம்பெனியை ஏற்றுக்கொண்ட பின் அரசு, 1951 ஏப்ரல் 14 முதல், மதராஸ் தென் மராட்டா ரயில்வே, தென்னிந்திய ரயில்வே, மைசூர் ரயில்வே ஆகிய மூன்றையும் சேர்த்து உருவாக்கிய தெற்கு ரயில்வே.

தஞ்சைப் பகுதிக்கு வந்தால் வரிசை சிக்கலாகும். 1894இல் திறக்கப்பட்ட மாயவரம்–முத்துப்பேட்டை பாதை, மாவட்ட உள்ளாட்சி அமைப்பான தஞ்சை ஜில்லா போர்டுக்குச் சொந்தம். வண்டி ஓட்டியது கம்பெனி. 1898இல் வந்த பேரளம்–காரைக்கால் பாதையின் காரைக்கால் பகுதி பிரெஞ்சு ஆட்சியின் மண்ணில் இருந்தது. அதையும் ஓட்டியது தென்னிந்திய ரயில்வேதான். ஆகவே முதல் பாதைக்கு ஜில்லா போர்டின் நடவடிக்கைக் குறிப்புகளையும், இரண்டாம் பாதைக்குப் புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலக் கோப்புகளையும் புரட்ட வேண்டும். ரயில்வே அலுவலகத்தில் மட்டும் தேடுபவருக்கு இவற்றின் பாதிக் கதைதான் கிடைக்கும்.

பெயர்களிலும் கவனம் தேவை. மயிலாடுதுறை என்று தேடினால் 1982க்கு முந்தைய தாள்கள் அகப்படா; மாயவரம் அல்லது மாயூரம் என்று தேட வேண்டும். தரங்கம்பாடி ஆங்கிலக் கோப்புகளில் டிராங்குபார். பாம்பன் பழைய ஆங்கில எழுத்தில் பௌம்பென். ஒரே நிலையத்துக்கு நான்கு எழுத்துக்கூட்டல்கள் வருவது இயல்பு. நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனால், அலமாரியின் முன் நின்று தலையைச் சொறிய வேண்டியிராது.

தாள்கள் கிடைக்கும் இடங்கள்

முதலில் கால அட்டவணையைத் தேடுங்கள். இதை நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நினைவு மிகைப்படுத்தும், செய்தித்தாள் விபத்து நடந்த நாளன்று மட்டும் ஊரை எட்டிப் பார்க்கும், கால அட்டவணையோ அந்த நிலையத்தின் சாதாரண நாளை அப்படியே வைத்திருக்கும். எத்தனை வண்டிகள் வந்தன, எது நின்றது, எது நில்லாமல் போனது, இணைப்பு வண்டிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்தே கிடைக்கும். இந்தியன் பிராட்ஷா என்ற மாத வெளியீட்டின் பழைய இதழ்களும் கம்பெனி அச்சிட்ட அட்டவணைகளும் பெரிய நூலகங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. பத்தாண்டுக்கு ஒன்றாக ஐந்து அட்டவணைகள் கிடைத்தாலே போதும். அவற்றை அருகருகே வைத்து, உங்கள் நிலையத்தின் வரியை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரு காலத்தில் நான்கு வண்டிகள், பின்னர் மூன்று, பின்னர் காலையும் மாலையும் ஒவ்வொன்று என்று அது மெலிவதை நீங்களே காண்பீர்கள். 1906க்கு முந்தைய அட்டவணையாக இருந்தால் அதிலுள்ள நேரம் இந்தியப் பொது நேரமன்று, ரயில்வேக்கள் பின்பற்றிய மதராஸ் நேரம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்து, திறந்த தேதி. ‘பாதை திறக்கப்பட்டது’ என்ற சொல்லுக்குள் குறைந்தது மூன்று தேதிகள் ஒளிந்திருக்கும்: அரசு ஒப்புதல் தந்த நாள், சரக்கு வண்டி ஓடத் தொடங்கிய நாள், ஆய்வு முடிந்து பயணிகளை ஏற்றிய நாள். பயணிகளை ஏற்றுவதற்கு முன் அரசின் ரயில் ஆய்வாளர் பாதையைப் பார்வையிட்டு அனுமதி தர வேண்டும் என்பது விதி. அந்த அனுமதிக் கடிதம் கிடைத்தால் அதைவிட உறுதியான சான்று வேறில்லை. ரயில்வே வாரியம் ஒவ்வொரு பாதையிலும் எந்தத் துண்டு எந்த நாளில் திறக்கப்பட்டது என்று காட்டும் தொகுப்புகளையும் அவ்வப்போது வெளியிட்டிருக்கிறது. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பொதுப்பணித்துறையின் பழைய ரயில்வே அரசாணைகளைத் தேடலாம். தமிழ்ச் செய்தித்தாள்களுக்கும் இதழ்களுக்கும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பிற வெளியீடுகளுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் என்று தொடங்குவது நல்லது.

சுதந்திரத்துக்குப் பிந்தைய காலத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. ஆனால் கேள்வியைக் கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ‘எங்கள் ஊர் நிலையத்தின் வரலாற்றைத் தருக’ என்று எழுதினால், அத்தகைய கோப்பு ஏதும் இல்லை என்று ஒரு வரியில் பதில் வரும். அப்படி ஒரு வரியை வாங்கிக்கொண்டு திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. மாறாக, ‘இன்ன பாதையில் பயணிகள் சேவையை நிறுத்திய ஆணையின் எண்ணும் தேதியும், இன்ன நிலையத்தின் நில வரைபடப் படி, கடைசியாக நடைமுறையில் இருந்த ஸ்டேஷன் ஒர்க்கிங் ரூல்ஸ் படி’ என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால், கோட்ட அலுவலகத்தில் யாராவது ஒருவர் அலமாரியைத் திறப்பார். மேற்சொன்ன விதிப்புத்தகம் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனியாக இருக்கும். எந்தச் சிக்னல் எங்கே நின்றது, எந்த லைனில் எத்தனை வண்டிகள் அடங்கும், வண்டிக்குத் தடம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் எங்கே நிற்க வேண்டும் என்பது வரை அதில் எழுதியிருப்பார்கள். ராமேஸ்வரம் தீவு என்றால் மதுரைக் கோட்டம். மயிலாடுதுறை என்றால் திருச்சிக் கோட்டம்.

இடத்தைப் படிப்பது

வரைபடத்தோடு போங்கள். அமெரிக்க ராணுவம் 1950களில் இந்தியா முழுமைக்கும் அச்சிட்ட 1:2,50,000 அளவு வரைபடங்களை டெக்சஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பிற்காலத்தில் மறைந்த பாதைகள் பலவும் அவற்றில் உயிரோடு இருக்கின்றன. அந்தக் கோட்டை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மீது பொருத்திப் பார்த்தால், வயல்களுக்கு நடுவே இயல்புக்கு மாறாக நேராகவும், வளையும் இடத்தில் மிக மெதுவாகவும் வளைந்து செல்லும் ஒரு தடம் தெரியும். மாட்டுவண்டிப் பாதை அப்படி வளையாது. ரயில்தான் அப்படி வளையும். பல இடங்களில் அந்த மேடு இன்று தார்ச்சாலையாகவோ வாய்க்கால் கரையாகவோ இருக்கும்.

நிலம் பெரும்பாலும் இன்னமும் ரயில்வேக்கே சொந்தம் என்பதை மறக்க வேண்டாம். அனுமதியின்றி நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி குற்றம். அருகில் இயங்கும் நிலையத்தின் ஸ்டேஷன் மாஸ்டரிடம் நோக்கத்தைச் சொல்லிக் கேட்டால் வழி சொல்வார்; சிலர் தேநீரும் வாங்கித் தந்து தம் தந்தையார் வேலை பார்த்த கதையையும் சொல்வார்கள்.

இடத்துக்குப் போனதும் கட்டடத்தைப் படம் எடுப்பதற்கு முன் பழைய தண்டவாளத் துண்டுகளைத் தேடுங்கள். பாதையைப் பெயர்த்து எடுத்த பின்னும் சில துண்டுகள் வேலிக்கல்லாகவும் கூரைத் தாங்கியாகவும் கோயில் வாசலில் கம்பமாகவும் ஊருக்குள் நிற்கும். தண்டவாளத்தின் இடுப்புப் பகுதியில், அதாவது தலைக்கும் அடிக்கும் நடுவிலுள்ள மெல்லிய பக்கத்தில், உருக்காலையின் பெயரும் எடையும் உருட்டிய ஆண்டும் புடைத்த எழுத்துகளாக இருக்கும். துருவை நாரால் தேய்த்துவிட்டு, சாக்பீஸைப் படுக்கவைத்து மேலே இழுத்தால் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வரும். அந்த ஆண்டு பாதை திறந்த ஆண்டுதான் என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. வேறு முதன்மைப் பாதையில் தேய்ந்து கழிந்த தண்டவாளத்தைக் கிளைப் பாதைக்குக் கொண்டுவந்து போடுவது வழக்கம்; ஆகவே பாதையைவிடத் தண்டவாளத்துக்கு வயது அதிகமாக இருக்கலாம். பத்துத் துண்டுகளைப் பார்த்து, எந்த ஆண்டு அதிகமாக வருகிறது என்று பாருங்கள்.

தனுஷ்கோடியில் கவனிக்க வேண்டியது சுவர். அங்குள்ள இடிபாடுகளில் பவளப்பாறைக் கற்களைக் காணலாம். கிட்டப் போய்ப் பார்த்தால் தேன்கூட்டைப் போலச் சிறு சிறு துளைகள் வரிசையாக இருக்கும். மலையில்லாத மணல் தீவில் கையெட்டும் தொலைவில் கிடைத்த கல் அதுதான். எதைத் தீவிலேயே எடுத்தார்கள், எதை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள் என்று சுவரைப் பார்த்தே பிரித்து எழுதலாம். நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் தந்த தொட்டி, இன்ஜினைத் திருப்பும் வட்டக் குழி, சாம்பல் தட்டிய பள்ளம் ஆகியவை இருந்த இடங்களையும் அளந்து வரையுங்கள். டேப்பும் கோடு போட்ட நோட்டும் போதும்.

பழைய அட்டை டிக்கெட் யாரிடமாவது கிடைத்தால், விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முந்தையது. நயா பைசாவில் இருந்தால் அதற்குப் பிந்தையது. மூன்றாம் வகுப்பு என்று அச்சிட்டிருந்தால், அந்த வகுப்பு 1974இல் மறையத் தொடங்கும் முன் அச்சானது.

மனிதர்களிடம் கேட்பது

முதியவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள், வண்டியைக் கேளுங்கள். ‘எந்த வருஷம் நின்றது?’ என்ற கேள்விக்கு மூன்று பேர் மூன்று விடை சொல்வார்கள். ‘காலை வண்டியில் என்ன ஏற்றுவார்கள்? டிக்கெட் கொடுத்தவர் எந்த வீட்டில் குடியிருந்தார்? கேட் சாத்தினால் மாடு எங்கே நிற்கும்?’ என்று கேட்டால் மூவரும் ஒன்றையே சொல்வார்கள். ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டும் சொல்வார்கள். ஆண்டை நீங்களே அவர்களுடைய வாழ்க்கையிலிருந்து கணக்கிடலாம்: முதல் பிள்ளை பிறந்தபோது வண்டி ஓடியதா, மருத்துவமனைக்கு எதில் போனீர்கள் என்று கேட்டால் போதும். ஸ்டேஷன் மாஸ்டர்களும் அதிகாரிகளும் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒரே நிலையத்தை நெடுங்காலம் பார்த்தவர்கள் தண்டவாளத்தைப் பராமரித்த கேங்மேன், கேட்கீப்பர், சுமை தூக்கியவர், வாசலில் இட்லி விற்ற அம்மா ஆகியோரே. பேட்டியில் முதல் இடம் அவர்களுக்குத் தர வேண்டும். பெயரை வெளியிடலாமா என்று கேட்டுவிட்டே எழுதுங்கள்.

முரண்படும் எண்கள்

இப்போதுதான் கடைசி வண்டிக்கு வர வேண்டும். 1964ஆம் ஆண்டுப் புயலில், பாம்பனிலிருந்து புறப்பட்ட 653 எண்ணுள்ள பயணிகள் வண்டி தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் அலையில் மூழ்கியது. சில குறிப்புகள் 22ஆம் தேதி என்கின்றன, சில 23 என்கின்றன. நள்ளிரவை ஒட்டி நடந்த ஒன்றுக்கு இரு தேதிகளும் வரும்; ‘22ஆம் தேதி நள்ளிரவு’ என்று எழுதிவிட்டால் சண்டை தீர்ந்தது. இறந்தவர்களை ஒரு குறிப்பு 110 என்றும் இன்னொன்று 115 என்றும் சொல்லும். பயணிகள் 110, ரயில்வே ஊழியர் 5 என்று பிரித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கணக்கே. இவற்றைவிடப் பெரிய எண்களும் புழங்குகின்றன. டிக்கெட் கணக்கில் வராதவர்களும் வண்டியில் இருந்திருக்கலாம் என்பது அவற்றின் அடிப்படை. இத்தகைய இடத்தில் நடுவிலுள்ள எண்ணைத் தேர்ந்தெடுப்பது தவறு. எந்த எண் யாரை எண்ணியது என்று எழுதுவதே முறை.

மூடியதற்கான காரணத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். புயல்தான் தனுஷ்கோடி நிலையத்தை மூடியது என்பது முழு உண்மையன்று. அதே புயல் பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126இன் இரும்புத் தூலங்களைக் கடலில் தள்ளியது, ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலம் மீண்டும் நிமிர்ந்தது. பாலத்தை நிமிர்த்தியவர்கள் ராமேஸ்வரம் கிளையைத் தொடர்ந்து ஓட்டினார்கள். தனுஷ்கோடிப் பாதையை விட்டுவிட்டார்கள். அரசு அந்த ஊரை வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. இடித்தது புயல், திரும்பக் கட்ட வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் மனிதர்கள். இவ்விரண்டையும் தனித்தனி வாக்கியங்களில் எழுதுங்கள்.

பெரும்பாலான நிலையங்களுக்கு இப்படி ஒரு புயல் வாய்ப்பதில்லை. மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகத் தரங்கம்பாடிக்குச் சென்ற சுமார் 30 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை 1926இல் திறக்கப்பட்டு 1986இல் நிறுத்தப்பட்டது. அங்கே கடைசி நாள் என்று அழுவதற்கு ஏதுமில்லை. பேருந்து அடிக்கடி வரத் தொடங்கியது, வண்டி மெதுவாகச் சென்றது, டிக்கெட் குறைந்தது. இத்தகைய பாதைக்கு நிறுத்திய ஆணை மட்டும் போதாது. முன்பு எழுதி வைத்த கால அட்டவணை வரிகளும், அதே சாலையில் பேருந்து எப்போது வந்தது என்ற செய்தியும் அருகருகே நின்றால்தான் கதை விளங்கும். பேரளம்–காரைக்கால் பாதையைப் போல, நிறுத்தப்பட்டது மீண்டும் அகலப்பாதையாக வருவதும் உண்டு. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் புதிய பாதை போட 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். ஆகவே ‘நிரந்தரமாக’ என்ற சொல்லை எழுதும் முன் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள்.

எல்லாம் முடிந்த பின் ஒரு வேலை மீதமிருக்கும்: பாதையின் மறுமுனைக்குப் போவது. தனுஷ்கோடிக்கு அது தலைமன்னார். போரில் அழிந்த அந்தப் பாதையைத் திரும்பப் போட்டு, 2015 மார்ச் 14 அன்று அங்கிருந்து மீண்டும் ரயில் விட்டார்கள். கப்பல்துறையின் பக்கத்தில் நிற்கும் அந்த நிலையத்தில் இறங்கி, இங்கே கேட்ட அதே கேள்விகளை அங்குள்ள முதியவர்களிடமும் கேளுங்கள்: இந்தியாவிலிருந்து கப்பல் எத்தனை மணிக்கு வரும், யார் முதலில் இறங்குவார்கள், கையில் என்ன இருக்கும்.